ஒரு டீமுக்கு ரெண்டு பேர்

இந்தியக் கால்பந்து அணிக்குப் புதிதாக இரண்டு பேரைப் பயிற்சியாளர் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள் என்கிற செய்தி எனக்கு மேசை டிராயருக்குள்ளிருந்து வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். செஞ்சி தாலுக்கா ஆபீசுக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாற்றத்துக்கு மனு எடுத்துக்கொண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். டிராயருக்குள் என் வீட்டுக்காரருடைய போன் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பேங்குக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம், அதனால் வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லுவேன். அது பாதிதான் நிஜம். தினமும் அதற்குச் சார்ஜ் போட்டுக் கடைக்கு எடுத்து வராவிட்டால் எனக்குக் கை ஓடாது.

அவர் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் ஓடுகிற வண்டி. பத்தொன்பது வருஷம் ஒரே டிரைவரோடு வேலை பார்த்தார். அந்த டிரைவர் மண்டகப்பட்டுக்காரர், என் வீட்டுக்காரருக்கு உயிர் சிநேகிதர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் கால்பந்துப் பைத்தியம். ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது இவர்களும் இன்னும் பதினைந்து பேரும் மட்டும், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து இந்தியா விளையாடுவதைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. இருபத்திரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுக்குப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இவர் சோறு வேண்டாம் என்பார்.

மதியம் வண்டிக்குச் செஞ்சியில் நாற்பது நிமிஷம் ஓய்வு. இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே சண்டையை வருஷக்கணக்காகப் போட்டார்கள்.

"ஒரு பஸ்ஸு ஓட்டவே ரெண்டு பேரு வேணும்னு வெச்சிருக்கான். ஒரு டீமுக்கு ஒருத்தன் பத்துமா? ஒருத்தன் முன்னாடி ரோட்ட பாக்கணும், ஒருத்தன் பின்னாடி ஆளுங்கள பாக்கணும்" என்பார் இவர்.

"ஸ்டியரிங்கு ஒருத்தன் கையிலதாண்டா இருக்கணும். ரெண்டு பேரு புடிச்சா பள்ளத்துலதான் எறங்கும்" என்பார் அண்ணன்.

"நான் இன்னா ஸ்டியரிங்கையா கேட்டேன்? விசில கேக்குறேன்."

"மொதல்ல சோத்த தின்னுங்க ரெண்டு பேரும்" என்று நான் ரசத்தை ஊற்றுவேன். இந்தியா தோற்ற மறுநாள் இந்தச் சண்டை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

விசில் என்று அவர் சொன்னது கண்டக்டர் விசில். ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் போகலாம். பஸ் நிறைய ஆள் நிற்கும்போது டிரைவருக்குக் கண்ணாடியில் பின்படி தெரியாது. விசிலை நம்பித்தான் எடுக்க வேண்டும்.

அவர் போன அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து திரும்புகிற நடை. பரீட்சை முடிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் படி வரைக்கும் நின்றிருந்தார்கள். ஊரைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் இரண்டு விசில் கொடுத்துவிட்டு இவர் பின்பக்கச் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மண்டகப்பட்டில் இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டதால் வண்டி நின்றது. விசில் வரவில்லை. "இன்னாடா, எங்க ஊருன்னா விசில் கூட ஊத மாட்டியா" என்று அண்ணன் முன்னாலிருந்து கிண்டல் செய்திருக்கிறார். போலாம் போலாம் என்று பிள்ளைகள் கத்த, வண்டியை எடுத்துவிட்டார். செஞ்சி வந்து, சாப்பிடப் போகலாம் என்று தோளைத் தொட்டபோதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. வீட்டில் நான் இரண்டு பேருக்கும் சமைத்து வைத்திருந்தேன்.

எனக்கு வாய் அதிகம். அப்பா வீட்டிலேயே அப்படித்தான், கோபம் வந்தால் வார்த்தை முன்னால் போய்விடும். ஆஸ்பத்திரியில் அந்த டயர்க் கொட்டகைக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது நான் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

"உன் பின்னாடி உக்காந்து ஒரு மனுசன் செத்துப் போயிருக்கான். ஒரு தடவ திரும்பிப் பாக்க தெரியாதா உனக்கு? கண்ணாடி எதுக்கு வெச்சிருக்குது, தல சீவவா?"

அண்ணன் இவருடைய டிக்கெட் பையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அதை என் பக்கத்து பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உட்கார்ந்த ஒரு நிமிஷத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், மண்டகப்பட்டில் திரும்பிப் பார்த்திருந்தாலும், வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. முதலில் சொல்ல மனசு வரவில்லை. யார் மேலாவது பழி இருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது, அதுதான் உண்மை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வரவில்லை. அதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது, ஆனால் வெட்கமும் கூடவே வந்துவிட்டது. அவர் வண்டிக்கே போவதில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். போன் போடலாம் என்று பல நாள் எடுத்திருக்கிறேன். ஊரே பார்க்கத் திட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் காதுக்குள் மன்னிப்புக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. நாலு மாதம் அப்படியே போனது.

அதனால்தான் போன் உறுமிய அன்றைக்கு டிராயரை இழுத்து, மனுக்காரர்களை நிற்க வைத்துவிட்டு, அண்ணன் ஏதாவது பேசியிருக்கிறாரா என்று அவர்களுடைய கால்பந்து வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக வாய்ஸ் மெசேஜ். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ரெண்டு பேராம்பா. ஒருத்தர் ஆட்டத்த பாத்துப்பாராம், இன்னொருத்தர் ஆளுங்கள பாத்துப்பாராம்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"ஒருத்தர் இருந்தப்பவே அவரு பேச்ச எவனும் கேக்கல. இனிமே ரெண்டு பேரு பேச்ச கேக்க மாட்டானுங்க" என்றது ஒரு குரல்.

விளையாட்டு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர் அந்தக் குரூப்பில் உண்டு. அவர் நிதானமாக, "தோத்தா யார திட்றதுன்னு ஒரு தெளிவு வேணாமா? பாதிப் பாதியா திட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தார். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்திருந்தன. நல்ல முடிவு என்று நாலு பேர், கண்துடைப்பு என்று ஆறு பேர். புதிதாக வந்த இருவரில் எவர் கை ஓங்கும் என்று ஒரு தனிச் சண்டை.

கடைசி வரைக்கும் கேட்டேன். ஒருத்தர் கூட என் வீட்டுக்காரர் பேரை எடுக்கவில்லை. பத்து வருஷமாக இதைத்தானே அந்த மனுஷன் அடித்துக்கொண்டார். எத்தனை தடவை அந்த டயர் மேல் உட்கார்ந்து சொல்லியிருப்பார். நாலு மாதத்தில் மறந்துவிட்டார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது. அண்ணனிடமிருந்தும் ஒரு வார்த்தை இல்லை.

'அவர் அப்பவே சொன்னாரே' என்று டைப் செய்தேன். அழித்தேன். 'இதைத்தான் அவரும்' என்று ஆரம்பித்து மறுபடி அழித்தேன். மனு வைத்திருந்த பெரியவர், "யம்மா, பின்பக்கமும் எடுக்கணும்மா" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து திரும்பவும் டைப் செய்தேன், திரும்பவும் அழித்தேன். அதற்குள் குரூப் அடங்கிவிட்டது. புதுச் செய்தி ஒன்றும் வரவில்லை. சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

விஷயம் அது இல்லை என்று பிறகு பஞ்சர் கடைக்காரர் சொன்னார். நான் டைப் செய்யும்போதெல்லாம் அவர்கள் அத்தனை பேர் போனிலும் என் வீட்டுக்காரர் பேரைப் போட்டு, டைப் செய்கிறார் என்று காட்டியிருக்கிறது. வரும், நிற்கும், மறுபடி வரும். பஞ்சர் கடையில் நாலு பேர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்களாம். தினமும் ஊருக்கெல்லாம் ஆன்லைனில் மனு போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாத சங்கதியா அது. அன்றைக்குத் தோன்றவே இல்லை.

எழுத வரவில்லை என்றதும் குரூப்பை மேலே தள்ளிக்கொண்டே போனேன். மாதங்களைத் தாண்டி அவருடைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடைத்தது. இந்தியா ஏதோ ஒரு சின்ன நாட்டிடம் தோற்ற மறுநாள் பஸ்ஸிலிருந்து பேசியது. அவர் போன பிறகு அவர் குரலை நான் கேட்டதில்லை. போட்டோவைப் பார்க்க முடிந்தது, இதை முடியவில்லை. ஜெராக்ஸ் மெஷினை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டேன்.

"எழுதி வெச்சிக்கங்கடா. என்னிக்காவது ஒரு நாளு ரெண்டு பேரதான் போடப் போறான். அன்னிக்கு நம்ப டிரைவரு எனக்கு மால போடணும். முன்னாடி இருக்கறவனுக்கு பின்னாடி நடக்கறது எப்பிடிடா தெரியும்? அவனுக்கு தெரியலன்னா அவன் மேல தப்பு இல்ல. நாந்தான் சொல்லணும். ஏம்மா, எறங்குறியா, இரு இரு..." அத்தோடு ஒரு விசில். அங்கே முடிந்துவிடுகிறது.

இரண்டு தடவை கேட்டேன். பிறகு அதை அப்படியே குரூப்புக்கு அனுப்பினேன். கை தவறிப் போய்விட்டது என்று என் நாத்தனாரிடம் சொன்னேன். பொய். தெரிந்தேதான் அனுப்பினேன்.

யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியும் எனக்கு. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பேராக ஏறியது. வாத்தியார் கேட்டார், பஞ்சர் கடைக்காரர் கேட்டார், ஒரு மணி வாக்கில் அண்ணன் பேர் வந்தது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. நான் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு முன்னால் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாலு மாதத்தில் அவர் குரூப்பில் பேசியது அதுதான். என்னிடம் அவர் பேசவில்லை. இவரிடம் பேசினார்.

"டேய். மால போடணுமாடா உனக்கு? போட்டேனேடா. ஸ்டியரிங்கு ஒருத்தன் கையிலதான் இருக்கணும்னு சொன்னேன், அது தப்புதாண்டா, ஒத்துக்கறேன். விசிலு வேணும். எங்க ஊர்ல வண்டிய நிறுத்தனேன். நீ வெளையாடறன்னு நெனச்சேன். நீ ஊதலையேடா. நீ ஊதாம நான் எடுத்துட்டேனேடா."

அவர் குரலுக்குப் பின்னால் எங்கேயோ ஆடு கத்தியது.

நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். அந்தப் போனிலேயே, அதே குரூப்பில், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்பது இன்னும் அதில் இருக்கிறது, அதனால் மாற்றிச் சொல்ல முடியாது.

"அண்ணே, நான்தான் பேசறேன். அன்னிக்கி எல்லாரும் நிக்கும்போதுதான் கேட்டேன், அதனால எல்லாரும் கேக்கும்போதே சொல்றேன். ஒக்காந்த ஒரு நிமிசத்துலயே உசுரு போயிடுச்சின்னு டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு. நீங்க திரும்பிப் பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு தெரியும். தெரிஞ்சும் நாலு மாசமா உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். தப்பு என்னுது. உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. வூட்டுக்கு சாப்பிட வாங்க."

அனுப்பிவிட்டுப் போனை டிராயரில் போட்டு மூடினேன். வெளியே ஒரு அம்மா ஷட்டரைத் தட்டி, ஆதார் ஜெராக்ஸ் எடுக்கணும் என்றாள். திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் அண்ணன் வந்தார். தாடி நிறைய நரைத்திருந்தது. நான் சோறு போட்டேன், சாப்பிட்டார். கால்பந்தைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன், வேறு எதை எடுப்பது என்று தெரியவில்லை. அந்தப் புது ஆட்கள் இரண்டு பேரும் தேறுவார்களா என்று கேட்டேன். "ஒருத்தருக்கு ஒருத்தரு பேசிக்கணும்மா. அது இருந்தா தேறும்" என்றார். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அந்த இருவரின் முதல் ஆட்டத்தில் இந்தியா கோல் போடவும் இல்லை, வாங்கவும் இல்லை. பாதிப் பாதியாகத் திட்டலாம் என்று வாத்தியார் எழுதியிருந்தார். அந்த வாரமே அண்ணன் வண்டிக்குத் திரும்பிவிட்டார். கண்டக்டர் புதுசு, திண்டிவனத்துப் பக்கம். தாலுக்கா ஆபீஸ் நிறுத்தத்தில் வண்டி என் கடைக்கு நேராகத்தான் நிற்கும். முதல் நாள் நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். ஆட்கள் ஏறினார்கள். புதுக் கண்டக்டர் பின்படியிலிருந்து இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை.

அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பையே முழுக்கத் திருப்பி, கடைசிச் சீட்டு வரைக்கும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எடுத்தார். இன்றைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்.