நூலகத்துப் பக்கக் கதவு

எங்கள் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வாதாடப் போகுமுன் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் மெல்ல உரிப்பாள். கிழியாமல் முழுசாக வந்துவிட்டால் எதிரில் யார் நின்றாலும் விடமாட்டாள். பெற்றோர் கூட்டத்தன்று அது பாதியிலேயே கிழிந்தது.

வியாழக்கிழமைகளில் பள்ளிக்கு மனநல ஆலோசகர் வந்து நூலகத்து உள்ளறையில் உட்காருவார். பார்க்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லிவைக்க வேண்டும். அலுவலகமோ வகுப்பையும் வரிசை எண்ணையும் ஒலிபெருக்கியில் வாசித்து அழைக்கும். எண் யாருடையது என்று யாருக்குத் தெரியாது?

"போய் நட்டு டைட் பண்ணிட்டு வா."

எழுந்து போகிறவரைப் பார்த்து யாராவது கத்துவார்கள். வகுப்பே சிரிக்கும். வக்கீலும் ஒருமுறை அந்தச் சிரிப்பைக் கடந்து போய்வந்தாள். மறுவாரம் போகவில்லை. வீட்டில் தலைவலி என்றே சொல்லிவந்தாள்.

கூட்டத்தில் தலைமையாசிரியர் சாவகாசமாகச் சொன்னார். "ஆலோசகரைப் பார்க்க யாரும் வர்றதில்ல. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்."

வக்கீல் எழுந்தாள். "மைக்ல கூப்பிடாதீங்க சார். நூலகத்துப் பக்கக் கதவைத் திறந்துவிடுங்க. வருவாங்க."

"யாரும்மா வருவாங்க? ஒருத்தரையாவது காட்டு, பார்ப்போம்."

கூடவே எழுந்து நிற்பதாகப் பேசிவைத்திருந்தோம். ஆனால் பின்னால் எங்கள் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வரிசை முழுக்கச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் அவள் அப்பா, பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார்.

அவள் லேபிள் துணுக்கை விரல்களுக்கிடையில் உருட்டினாள்.

"நான் வருவேன் சார். சரியாத் தூக்கம் வரல. காரணமே இல்லாம அழுகை வருது. வீட்ல தலைவலின்னு பொய் சொல்லியிருக்கேன்."

பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது. அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

"சார்," அப்பாவின் குரல். "ஒரு கதவுதானே கேக்குது பொண்ணு."

"அது பூட்டியே கிடக்குங்க. சாவியத் தேடணும்."

"தேட வேணாம் சார், எங்கிட்டதான் இருக்கு" என்றார் மூலையிலிருந்த நூலகர். "துரு ஏறியிருக்கு, அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "சரி, திறங்க. மைக்கும் வேணாம்."

வக்கீல் உட்கார்ந்தாள். உருட்டிய லேபிள் துணுக்கைப் பிரித்து மறுபடி பாட்டிலில் ஒட்டப் பார்த்தாள். அப்பா அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருந்தார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை அவள் அந்தக் கதவு வழியாகப் போனாள். அவள்தான் முதலில் போனவள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போகும்போது ஒருநாள் அவள் அப்பா ஓட்டிய பேருந்தில் முன்னிருக்கை கிடைத்தது. சிக்னலில் நின்றபோது அவரே சொன்னார், அந்த வியாழக்கிழமை காலை பள்ளி திறக்குமுன் நூலகரைப் பிடித்து அந்தக் கதவு வழியாக ஆலோசகரிடம் போனதை.

"பொண்ணுகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தெரியல தம்பி. அதக் கேக்கத்தான் போனேன்."