அ நாட்டுக்கும் ஆ நாட்டுக்கும் ஒரு டீ

போன வாரம் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்து லிஃப்டில் பிரேசில் என்னோடு மேலே வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண், கறுப்புக் கோட்டு, கழுத்தில் நாட்டின் பெயர் எழுதிய அட்டை. மாதிரி ஐ.நா. சபைக்குப் போகிறாளாம்.

"யாரோட சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல தாத்தா. யாரு நல்லாப் பேசுறாங்களோ அவங்களுக்கு அவார்டு."

"பேசி முடிச்சப்புறம்?"

"லஞ்ச்."

சர்வதேச உறவுகளைப் பற்றி இவ்வளவு தெளிவான விளக்கத்தை, அதில் முதுகலை படித்த இரண்டு வருடமும் நான் கேட்டதில்லை.

ஆமாம், படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், நாற்பத்தெட்டு வயதில். துறைமுகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். எந்தத் தகராறுக்குக் கூட்டம் போட்டாலும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. பதவி உயர்வுக்குப் பணி சார்ந்த மேற்படிப்பு வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. 'சர்வதேச உறவுகளும் ராஜதந்திரமும்' பணி சார்ந்ததா என்று எழுதிக் கேட்டேன். கப்பல்கள் வெளிநாட்டிலிருந்து வருவதால் சார்ந்ததே என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தயாரித்து மேலதிகாரியின் கையெழுத்துக்கு வைத்தவனும் நான்தான்.

அஞ்சல்வழிப் படிப்பு. ஞாயிறுதோறும் காலடிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு என்பதால் மேசைக்குள் முழங்கால் நுழையாது. இரண்டு மணி நேரம் ராஜதந்திரம் கேட்டுவிட்டு எழுந்தால் நடக்க முடியாது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் சோவியத் யூனியன் அதுவரை உடையவில்லை. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர்ப் பக்கத்துக் காற்று அழுகிய முட்டை வாடையோடு வரும். சாத்தினால் நாங்களே வாடை. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக நாள்கணக்கில் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். இன்று அந்த வாடை வந்தால் நான் மூக்கைப் பொத்துவதில்லை. பாடப் புத்தகத்தைத் தேடுகிறேன்.

வகுப்பில் என் பக்கத்துப் பெஞ்சில் கௌதமி. வியாசர்பாடிக் குடியிருப்பு, வாரம் முழுக்க எஸ்.டி.டி. பூத்தில் வேலை. இந்தப் பாடம் எதற்கு என்று விரிவுரையாளர் முதல் நாள் கேட்டபோது சொன்னாள்: "எல்லா நாட்டு கோடு நம்பரும் தெரியும் சார். நாடு இன்னான்னுதான் தெரியாது." வகுப்பு சிரித்தது. இரண்டாம் வருடம் யாரும் சிரிக்கவில்லை. தில்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, மொத்தத்தில் ஐம்பத்தைந்து சதவீதம் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாக்கி இருந்தது செய்முறைத் தாள் ஒன்றுதான். அதில் அவள் அறுபது வாங்கியாக வேண்டும்.

செய்முறை என்றால் மாதிரிப் பேச்சுவார்த்தை. விரிவுரையாளர் எச்சரிக்கையான இளைஞர். உண்மையான நாடுகளின் பெயரைச் சொன்னால் வம்பு என்று அ நாடு, ஆ நாடு என்று வைத்தார். அ நாடு மலை மேல் இருக்கிறது, கடல் கிடையாது. ஆ நாட்டில் துறைமுகம் உண்டு. அ நாட்டுச் சரக்கு ஆ நாட்டு வழியாக எப்படிப் போவது என்று மூன்று மணி நேரம் பேச வேண்டும். அ நாட்டின் தூதர் கௌதமி. "இதுக்குக் கோடு நம்பரே இல்லியே சார்," என்றாள். ஆ நாட்டுக்கு அண்ணாச்சி: யானைக்கவுனியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த தென்மாவட்டக்காரர், வயது ஐம்பது. மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட வேண்டும் என்பதற்காகப் படித்தார். வகுப்பிலேயே நோக்கம் தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான். குறிப்பு எழுதுபவன் நான். அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், கூட்டத்தையே பார்த்திராத ஒருவர் படித்து மதிப்பெண் போடுவார்.

முதல் ஒரு மணி நேரம் இருவரும் புத்தகத்தில் இருந்தபடி வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பதினொன்றே காலுக்கு இடைவேளை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்குள் பேச்சு முடிவது கூட்டத்தில் அல்ல, டீக்கடையில். ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி இரு தரப்பும் குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறப்பது அசிங்கம். அங்கே பேசியதை யாரும் எழுதவும் மாட்டார்கள். நானே இருபத்தைந்து வருடம் அந்த மாதிரிக் கடைகளில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு வரி எழுதியதில்லை. அதனால்தான் என்னை நிற்க விட்டார்கள்.

அன்று அவர்கள் அ நாட்டுக்கும் ஆ நாட்டுக்கும் என்று ஒன் பை டூ சொன்னதும் டீ மாஸ்டர் கேட்டார்: "ரெண்டு நாட்டுக்கும் சேத்து ஒரே டீயா? இன்னா அண்ணாச்சி, பஞ்சப் பரதேசி நாடா கீது!"

கௌதமி காதில் வாங்கவில்லை. "அண்ணாச்சி, எங்க சரக்க வழில பிரிக்கக் கூடாது. சீலு மட்டும் பாத்துக்கங்க."

"அதுக்கென்ன, சீலே பாத்துக்கிடுதோம். ஷெட்டு வாடகை?"

"பத்து நாளு ஃப்ரீயா வுடுங்க."

"ஏழு."

"மல மேல கீறோம் அண்ணாச்சி. எங்க லாரி எறங்கி வர்றதுக்கே ஏழு நாளாவும். அத்தோ, ரோட்டப் பாருங்க."

அண்ணாச்சி லாரி வரிசையைப் பார்த்தார். "சரி, பத்து. டீயக் குடி."

குடித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். விரிவுரையாளர் காத்திருந்தார். இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசுங்க," என்றார்.

"முடிஞ்சிபோச்சி சார்," என்றாள் கௌதமி.

"எப்போ?"

"டீ சாப்ட சொல்லோ."

நான் எழுதினேன்: '11.15 இடைவேளை. 11.35 கூட்டம் மீண்டும் கூடியது. பேசப் பொருள் இல்லை. 11.40 நிறைவு.' என் வாழ்நாளில் எழுதியவற்றுள் மிகத் துல்லியமான குறிப்பு அது.

படித்துவிட்டு விரிவுரையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத அனுப்பினா இருபது மார்க்கூட வராது. நீங்களே ரெண்டு பக்கம் சேர்த்து எழுதிடுங்க சார்."

நடக்காததை எழுத முடியாது என்றேன். "அப்ப டீக்கடையில நடந்தத எழுதுங்க." அண்ணாச்சி குறுக்கிட்டார். "அத எழுதப்படாது. எழுதினா நாளைக்கு எவன் சார் டீ குடிக்க வருவான்?" கௌதமியிடம் திரும்பவும் ஒருமுறை அறையில் பேசிக் காட்டச் சொன்னார் விரிவுரையாளர். அறுபது மார்க்கை அவளும் கணக்குப் போட்டிருப்பாள். ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"குட்சிட்டேன் சார். குட்சிட்டு எப்டி பேசறது?"

எனக்குத் தெரிந்தது நடைமுறை மட்டும்தான். அதைச் சொன்னேன்: அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும்வரை நடவடிக்கைக் குறிப்பு வரைவுதான். கூட்டம் முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டது என்று அடுத்த ஞாயிறு தீர்மானிக்கலாம். ஆனால் அதற்குப் பேசப் பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு என்னிடம் படிவம் இல்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதே முக்காலுக்கு அண்ணாச்சி எங்களைக் கடைக்குக் கூப்பிட்டு ஒன் பை டூ சொன்னார். கௌதமி தன் கிளாஸை எடுத்தாள். அண்ணாச்சி தன் பாதி டீயைத் தரையில் கவிழ்த்தார்.

கடையில் லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்த மனிதரின் வாய்ச்சொல்லை நம்பி மூட்டை ஏற்றியவர்கள் அதில் உண்டு.

"இன்னா அண்ணாச்சி, பேச்சு மாறிட்டியா?" என்றான் ஒருவன்.

"ஆமா," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பாடம், பரீட்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உள்ளே போனதும் எழுந்து நின்று, பத்து நாள் வாடகையில்லாமல் விடுவதை ஆ நாடு ஏற்கவில்லை என்று அறிவித்தார். அப்புறம் கௌதமி பேசினாள். மலை, மழைக்காலம், அழுகும் ஆரஞ்சு, வழியில் உடைபடும் சீல், கடல் இல்லாதவன் கடல்காரனிடம் நிற்கும் நிலை. இரண்டே முக்கால் மணி நேரம். உண்மையான கோபம் இருந்தது. அண்ணாச்சி சிக்கிய இடத்திலெல்லாம் சிக்கி, விழ வேண்டிய இடத்தில் விழுந்து, கடைசியில் பதினைந்து நாளுக்கு ஒப்புக்கொண்டார். பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.

கௌதமிக்கு எழுபத்தொன்று. தில்லிக்குப் போனாள். அண்ணாச்சிக்கு நாற்பத்தாறு, ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. 'ஆ நாட்டின் நடத்தை நம்பத் தகுந்ததாக இல்லை' என்று அந்தப் பார்த்திராத மனிதர் எழுதியிருந்தார். மறுதேர்வு எழுதச் சொன்னேன். "ஒரு நாட்டக் கெடுத்தது போதும் சார்," என்றார். கல்யாணப் பத்திரிகை எம்.ஏ. இல்லாமலே அச்சானது, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் போடச் சொன்னார். மற்றவர்களின் செய்முறை முடியும்வரை பாக்கி ஞாயிறுகளில் அந்தக் கடையில் அவர் முழு டீதான் குடித்தார். நானும் கௌதமியும் ஒன் பை டூ சொல்லி அவரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். டீ மாஸ்டர் ஊற்றவில்லை. "பாடமோ படமோ, கவுத்தது கவுத்ததுதான் சார்."

எனக்குப் பதவி உயர்வு வந்தது. பணி சார்ந்த படிப்பு.

எஸ்.டி.டி. பூத்துகள் போய்விட்டன. கௌதமி இன்று தில்லியில் பேச்சுவார்த்தைக் கலை பாடம் நடத்துகிறாள். அண்ணாச்சி இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் மெட்ரோ தூண் நிற்கிறது, எண் போட்டிருக்கிறார்கள். அவர் டீ கவிழ்ந்த இடம் தூணுக்குச் சாலைப் பக்கமாக இரண்டடி இருக்கும்.

அது நடந்தது ஒன்பதே முக்காலுக்கு. கூட்டம் தொடங்கியது பத்து மணிக்கு. எனவே பதினெட்டுப் பக்கத்தில் எங்கும் அது இல்லை. டீக்கடையில் நடந்ததை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதக் கூடாது என்று சொல்ல அவரும் இல்லை, கடையும் இல்லை.