மேற்கு வெயிலும் களிமண் பொடியும்

பிளாஸ்டிக்கோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: பகலில் வாங்கிய சூட்டை அது இருட்டிய பிறகு சத்தம் போட்டுத்தான் இறக்கி வைக்கும். தெரிந்து என்ன செய்ய? பின்கட்டில் 'டக்' என்று கேட்டதும் பாப்பாவைத் தூக்கி நெஞ்சோடு போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில், கைக்குழந்தை மடியில் என்று இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரிசி டிரம்

புதுக்கோட்டையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குப் பின் கதவு பிளாஸ்டிக். காப்பிக்கொட்டை நிறம், மேற்கே பார்த்தது. மத்தியானம் முழுக்கக் காய்ந்து வில்லாக வளைந்துவிடும். தாழ்ப்பாள் ஒரு பக்கம், அது போய் விழ வேண்டிய ஓட்டை இன்னொரு பக்கம். ராத்திரி குளிரும்போது டக் டக்கென்று கொஞ்சம் நிமிரும்; பழைய இடத்துக்கு மட்டும் வராது. அரிசி டிரம்மைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வேன். எங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆள் கூப்பிட்டு மாற்றலாமே என்பீர்கள். பூட்டாத வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடாதா? இவரிடம் சொன்னால் அங்கே அவர் தூங்க மாட்டார். ஒருநாள் வீடியோவில் டிரம்மைப் பார்த்துவிட்டு, "அரிசிய ஏன் கதவுகிட்ட வச்சிருக்க? எலி வந்துரும்ல" என்றார்.

கலப்படம்

பாப்பாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் போவது ஒரு சின்னக் கம்பெனியின் சோதனை அறைக்கு. பிளாஸ்டிக்கில் களிமண் பொடி கலந்தால் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்ப்போம். ஒரு பட்டையை இரு முனையிலும் தாங்கி, நடுவில் எடை வைத்து, எண்ணெய்க்குள் இறக்கிச் சூட்டை ஏற்றுவோம். எந்தச் சூட்டில் வளைகிறதோ அதுதான் அதன் மார்க்.

பொன்னமராவதியில் கல்யாணச் சமையல் செய்பவர் ஒருவர் சோற்று வாளிக்கு மூடி கேட்டு வந்தார். மண் என்றதும் முகம் மாறிவிட்டது. கலப்படத்தை வாயாலேயே ஒப்புக்கொள்ளும் கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறாராம். இரண்டு பட்டைகளை எண்ணெயில் இறக்கினேன். வெறும் பட்டை முதலில் தொங்கியது. மண் கலந்தது அசையாமல் நின்றது. மண் மெல்லிய தகடு தகடாகப் பிரிந்து உள்ளே படுத்துக்கொண்டு இளகவிடாமல் பிடிக்கும் என்று விளக்கினேன். குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "எண்ணெ காஞ்சிருச்சு, ரெண்டு வடையாச்சும் போடக் கூடாதாம்மா?"

ஈரப் பொடி

பொடியை உலர்த்தாமல் கலந்தால் குமிழி விடும். சரியாகப் பிரியாவிட்டால் கேப்பைக் கூழில் மாவு போலக் கட்டி தட்டும். ஒருநாள் உலர்த்தும் அடுப்பின் சுவிட்சைப் போடாமலே பொடியை அனுப்பிவிட்டேன். கலக்கும் மிஷினில் நிற்கும் சாந்தி அக்கா, வந்த பட்டையை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று போனது. திட்டவில்லை, ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டார். கதவைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன், அழுகையோடு. அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் டெஸ்ட் போட்டுக் குடுக்குற. ஒன் வீட்டுக் கதவ யாருடி பாக்குறது?"

கம்பெனி வேலை

மறுவாரம் முதலாளி கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துப் போனேன். மண் கலந்த கதவு ஒன்று சாம்பிளுக்குச் செய்திருக்கிறார்களாம். மாட்டிப் பார்க்க மேற்கு வெயில் படும் வீடு வேண்டுமாம், கம்பெனியில் அப்படி இடமே இல்லையாம். எங்கள் கம்பெனி ஷெட்டின் மேற்குச் சுவரில் மூன்று கதவு மாட்டலாம். நான் அதைச் சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்: "தெனமும் ஸ்கேல் வச்சு வளைவ அளந்து சொல்லணும்மா. கம்பெனி வேலதான் இது."

தாழ்ப்பாள்

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து மாட்டிக் கொடுத்தார்கள். மாட்டின அன்று எந்தக் கதவும் தாழிடும். கத்திரி வெயில் குடித்த பிறகல்லவா பார்க்க வேண்டும்? அதனால் டிரம் அங்கேயே இருந்தது. இன்று தெருவில் தார் இளகும் வெயில். சாயங்காலம் அக்காவும் என்னோடு வந்தார். ஸ்கேலை நிறுத்திப் பார்த்தோம். நடுவில் ஒரு நூல் போகும் இடைவெளி, அவ்வளவுதான். டிரம்மை அடுக்களைக்கு உருட்டிவிட்டு, பின் கதவு வழியாகவே வெளியே இறங்கிய அக்கா திரும்பி நின்றார்: "நா வாரேன். உள்ள போடு, சத்தத்தக் கேட்டுட்டுக் கெளம்புறேன்."

படித்த படிப்பு, எண்ணெய்ச் சட்டி, எடைக்கல் எல்லாம் சேர்ந்து எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது கடைசியில் இன்னொரு 'டக்'தான். ஆனால் இது நானே உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட சத்தம்.