பதினைந்தாவது கோடு

கோமதிநாயகம் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் குடியிருக்கும் ஆரியசாலையில் யாராவது கேட்டால், அவர் மனைவி பிரேமா “கோடு பார்க்கிறார்” என்பாள். கேட்டவர்கள் கைரேகை என்று நினைத்துக்கொண்டு, மகளின் கல்யாணம் எப்போது என்று கேட்டு வந்ததும் உண்டு. அவர் அலுத்துக்கொள்ள மாட்டார். உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முழுக்க விளக்கித்தான் அனுப்புவார்.

மின்சார ஆட்டோவின் பேட்டரிப் பெட்டிக்குள் பதினாறு செல்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் காவலாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. பி.எம்.எஸ். என்பார்கள். எந்த செல்லில் எவ்வளவு வோல்டேஜ் என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அளவு மீறினால் இணைப்பை வெட்டிவிடும். அந்தக் காவல்காரன் சொல்வது நிஜமா என்று பார்ப்பதுதான் கோமதிநாயகத்தின் வேலை. பாப்பனங்கோட்டில் அவர் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் உண்டு. அதுவும் தன் பங்குக்கு ஒவ்வொரு செல்லையும் தனித்தனிச் சேனல் வழியாக அளக்கும். போர்டு சொல்வது நீலக் கோடு, மெஷின் சொல்வது சிவப்புக் கோடு. இரண்டும் ஒட்டிப் போனால் பாஸ். ஐந்து மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் ஃபெயில்.

இருபது வருஷம் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில்தான் இந்த வேலைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அந்த மெஷின் மேல் அவருக்கு ஒரு பிரியம். காலையில் தூசி தட்டுவார், மாலையில் உறை போடுவார். சோம்பலான செல், ரோஷக்கார செல் என்று சாப்பிடும்போது வீட்டில் கதை சொல்லுவார். பிரேமாவும் ‘உம்’ கொட்டிக் கேட்டுக்கொள்வாள்.

வித்துராவில் ஷிஜா என்றொரு பெண் ஆறு பெண்களை வைத்து ஆட்டோவுக்குப் பேட்டரிப் பெட்டி செய்து தரும் பட்டறை நடத்திவந்தாள். ஜூன் மாதம் அவளுடைய முதல் பெட்டி சோதனைக்கு வந்தது. எல்லா செல்லும் ஒழுங்காக இருக்க, பதினைந்தாவதில் மட்டும் நீலக் கோடு சிவப்புக்கு மேலே பத்தொன்பது மில்லிவோல்ட் தள்ளி ஓடியது. செல்லிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரின் பற்றவைப்பு சரியில்லை என்று கோமதிநாயகம் ரிப்போர்ட் எழுதினார். பிரித்து, திரும்பப் பற்றவைத்து ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். அதே பத்தொன்பது. செப்டம்பரில் மூன்றாவது தடவை. அதே.

அந்தத் தடவை ஷிஜா ஃபோன் செய்தாள். பற்றவைக்கும் பெண் சாதாரணக் கைமீட்டர் வைத்துப் பார்த்ததாகவும், போர்டு காட்டுவதும் மீட்டர் காட்டுவதும் ஒன்றாகவே இருப்பதாகவும் சொன்னாள். கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாலைக் கடையில் வாங்கிய மீட்டரையும் இந்த மெஷினையும் ஒன்றாக நிறுத்துகிறீர்களே என்று கேட்டார். ஷிஜா ஃபோனை வைத்துவிட்டாள்.

அக்டோபரில், நல்ல பெயருள்ள ஒரு கம்பெனியின் பதினாறு செல் பெட்டி வந்தது. சாயங்காலம் கோடுகளைத் திறந்தபோது பதினைந்தாவதில் நீலம் மேலே நின்றது. பத்தொன்பது.

முதலில் அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள் இப்படியா செய்வார்கள் என்று ரிப்போர்ட்டில் பாதி எழுதியும் விட்டார். பிறகு கை நின்றது. ஷிஜாவின் மூன்று ஃபைல்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பற்றவைப்பு மோசமாக இருந்தால் கோடு நடுங்கும். சூடேறும்போது ஒரு மாதிரியும் ஆறும்போது வேறு மாதிரியும் இருக்கும். இங்கே சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் சும்மா கிடக்கும்போதும், அளந்துவைத்த மாதிரி ஒரே விலகல். இதை ஜூனிலேயே பார்த்திருக்க வேண்டும்.

எழுந்து போய், பதினான்காவது செல்லின் ஒயரையும் பதினைந்தாவதின் ஒயரையும் மெஷின் பக்கத்தில் மாற்றிச் சொருகினார். பதினைந்தில் இருந்த விலகல், இப்போது மெஷினின் பதினைந்தாவது சேனலில் இருந்த பதினான்காவது செல்லுக்குத் தாவியது. செல்லிலும் குற்றமில்லை, போர்டிலும் இல்லை. மெஷினின் பதினைந்தாவது சேனல்தான் ஐந்து மாதமாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. மே மாதம் சர்வீஸுக்கு வந்தவர்கள் கைவைத்ததிலிருந்து அப்படி. கூடத்துக்கு வருபவை பெரும்பாலும் ஸ்கூட்டர் பெட்டிகள். பதின்மூன்று, பதினான்கு செல்லோடு முடிந்துவிடும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

அன்று அவர் மெஷினுக்கு உறை போடாமலே வீட்டுக்குப் போனார். பிரேமா தோசையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னார். யாருக்காவது இதனால் கஷ்டம் வந்ததா என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றார்.

“அப்ப அதைப் போய்த் தெரிஞ்சுக்கிடுங்க” என்றாள் பிரேமா.

மறுநாள் கூடத்தின் மேனேஜர் ஹரிஷங்கர், ஷிஜாவுக்குத் திருத்திய ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பினால் போதும், காரணம் எழுத வேண்டாம் என்றான். கோமதிநாயகம் காரணத்தையும் எழுதி, தன் பெயரையும் போட்டார். ஹரிஷங்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை அவர் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காடு வழியாக வித்துரா போய்ச் சேர்ந்தார். ஷிஜா அவர் நீட்டிய ரிப்போர்ட்டை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். சத்தம் போடவில்லை. மூன்று மாத ஆர்டர் கைவிட்டுப் போனதை மட்டும் சொன்னாள். அப்புறம் உள்ளே கையைக் காட்டினாள்.

“பேச்சியைத்தான் நான் சோல்டரிங்கிலிருந்து மாத்தினேன், சாரே. அவளோட கை சரியில்லைன்னு நெனச்சுப்போயிட்டேன். அவகிட்ட நீங்களே சொல்லணும்.”

பேச்சி ஓரத்தில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு வந்தவள். இங்கே வந்துதான் பற்றவைக்கப் பழகியிருந்தாள். கோமதிநாயகம் அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் யோசித்துவைத்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று.

“ஒங்க கையில ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு எங்க மெஷின்ல. நீங்க மீட்டர் வச்சுப் பாத்ததுதான் சரி. நான் கேக்காமப் போயிட்டேன்” என்றார்.

பேச்சி லேபிளை நேராக ஒட்டி முடித்தாள். அவர் பேச்சைக் கேட்டதும் அவளுக்கு ஊர் தெரிந்துவிட்டது. “அண்ணாச்சிக்குத் திருநவேலியா?” என்றாள். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம் என்றார். அவள் அடுத்த லேபிளை எடுத்தாள்.

மத்தியானம் எல்லாரும் மரவள்ளிக்கிழங்குக் கப்பையும் மீன்கறியும் எடுத்துவைத்தார்கள். அவர் சைவம் என்று தெரிந்ததும் ஷிஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சி தன் தூக்குவாளியைத் திறந்து, புளிக்குழம்பையும் பருப்புத் துவையலையும் அவர் இலைப்பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டு முடித்ததும், அந்தக் கோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். நீலம் எது, சிவப்பு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“மெஷினு கொறைச்சுச் சொல்லுச்சுன்னா, சரியா இருந்த எங்க பெட்டி ஃபெயிலாச்சு. சரி. அப்பம் இந்த அஞ்சு மாசத்துல, பதினஞ்சாவதுல பாஸான பெட்டி ஏதும் உண்டா?”

இரண்டு நாளாகக் கோமதிநாயகம் யோசித்ததெல்லாம் ஃபெயிலான பெட்டிகளைப் பற்றி மட்டும்தான். பொய் சொல்லும் மெஷினோடு ஒத்துப்போன போர்டு என்றால், அதுவும் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே ஃபைல்களைப் புரட்டினார். ஜூலையில் ஒன்று இருந்தது. எர்ணாகுளத்திலிருந்து வந்த பெட்டி. பதினைந்தாவதில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. அழகாக இருக்கிறது என்று அன்று நினைத்தது அவருக்கு நினைவு வந்தது. குறைத்துச் சொல்லும் காவல்காரன், செல் நிறைந்த பிறகும் இன்னும் சார்ஜ் ஏற விட்டுவிடுவான்; அது ஆபத்து.

பட்டறை வாசலிலேயே நின்று ஹரிஷங்கருக்கு ஃபோன் போட்டார். இந்தத் தடவை ஹரிஷங்கர் மறுபேச்சு பேசவில்லை. எர்ணாகுளத்துக்காரர்களைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டி இருக்கும் ஆட்டோவை ஓட்டாமல் நிறுத்தச் சொன்னான். புதன்கிழமை பெட்டி திரும்பி வந்தது. சேனலைச் சரிசெய்து வைத்துப் பார்த்ததில் போர்டு பதினெட்டு மில்லிவோல்ட் குறைத்துக் காட்டியது. போர்டை மாற்றினார்கள். வியாழக்கிழமை ஷிஜாவின் பெட்டி பாஸானது. கைவிட்டுப் போன ஆர்டர் போனதுதான். சின்னதாக வேறொன்று கிடைத்தது. பேச்சி சோல்டரிங் மேசைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு வித்துராவிலிருந்து பெட்டி வரும்போதெல்லாம் கூடவே பேச்சியையும் ஷிஜா அனுப்பிவைத்தாள். சோதனை முடிய எட்டு மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் அவள் கோமதிநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இது ஏன் இங்கே வளைகிறது, அது ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நாட்களில் பிரேமா இரண்டு பேருக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள்.

“அவ கேக்கறதுல பாதிக்கு எனக்கே பதில் தெரியல பாத்துக்க” என்று அவர் ஒருநாள் வீட்டில் சொன்னார். ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது முகம். மீதிக் கதையைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்கள் என்று பிரேமா தட்டை நகர்த்தினாள்.