வட்டம் என்றால் நிற்பவர், முக்கோணம் என்றால் உட்கார்ந்தவர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார சிமெண்டு பெஞ்சு கிடக்கும்போது ஜனங்கள் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா வந்திருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். மறுநாள் காலையில் அந்த அம்மா என் கடை வாசலில் வந்து நின்றார்.

என் தொழில் வீட்டு பிளான் போடுவது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில், மாடியில், ஒரு சாய்வு மேஜையும் இரண்டு நாற்காலியும்தான் கடை. எனக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முப்பதுகூட இருக்காது. கட்டடக்கலைக் கல்லூரியில் விரிவுரையாளர் என்றார். பஸ் ஸ்டாண்டை அளந்து சுத்தமாக ஒரு பிளான் வரைந்து தர வேண்டும், தூண், மரம், குழாய், பெட்டிக்கடை, கழிவறைச் சுவர் எதையும் விடக் கூடாது என்றார்.

"பிளான் போட்டுத் தந்துடலாம் மேடம். ஆனா ஜனங்க நிக்கிறதுல இன்னா ஆராய்ச்சி?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் கல்லூரி வராந்தாவில் ஒரு பலகை உண்டாம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் எதிரே அவர் எதில் ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு வரி இருக்கும். ஒருவருக்குக் கான்கிரீட், ஒருவருக்குக் கோயில் கட்டடம், ஒருவருக்குக் குறைந்த செலவு வீடு. இவருக்கு எதிரே 'கட்டடமும் மனித நடத்தையும்'. இதில் கட்டடம் எங்கே இருக்கிறது என்று கூட வேலை பார்ப்பவர்களே கேலி செய்வார்களாம். "அவங்களே கேக்கறாங்க. நீங்க கேட்டதுல தப்பே இல்ல சார்" என்று சிரித்தார். ஆறு மாதம் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் முடிக்காவிட்டால் இன்னொரு லீவு கிடையாது என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

பிளானோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, நானேதான் ஒட்டிக்கொண்டேன். அவர் வேலை செய்த விதம் அப்படி. பிளான் மேல் ஒரு டிரேசிங் ஷீட்டை வைப்பார். குறித்த மணிக்கு யார் எந்த இடத்தில் இருக்கிறார்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைப்பார். வட்டம் என்றால் நிற்பவர், முக்கோணம் என்றால் உட்கார்ந்தவர், பெருக்கல் குறி என்றால் படுத்திருப்பவர். ஒரு வேளைக்கு ஒரு தாள். ஒரு பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டால் மறு பக்கத்தை நான் பார்ப்பேன். பிறகு நான் கடைக்கு எடுத்துப் போய் அதே தாளில் பென்சில் குறிகளை மையால் வரைந்து, தகரக் குழாயில் சுருட்டி வைப்பேன்.

பத்து நாளில் எனக்கே கண் திறந்தது. பெஞ்சு சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் பஸ் வருவது முதுகுக்குப் பின்னால். எந்த மனுஷன் உட்காருவான்? நான் இருபது வருஷம் எதிரிலேயே இருந்து பார்க்காததை அவர் வந்த முதல் வாரமே பார்த்திருந்தார். பெண்கள் பெரும்பாலும் பூக்கடை ஓரமாகவே நின்றார்கள், அங்கிருந்து வெளியே போக இரண்டு வழி இருந்தது. கல்வராயன் மலைக்காரர்கள் கோடியில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பெஞ்சில் உட்காரத் தெரியாது என்று ஊரில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு நாள் அவர்களோடு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறிப் போய்விட்டு மறுநாள் வந்து சொன்னார்:

"அந்த பஸ் கோடியிலதான் வந்து நிக்குது சார். மூட்டையை முதல்ல ஏத்தினாதான் இடம். பெஞ்சுல உக்காந்தா சாமை மூட்டையும் கடுக்காய் மூட்டையும் கீழயே கிடக்கும். அவங்களுக்கு உக்காரத் தெரியும். நமக்குத்தான் போடத் தெரியல."

மலை மேல் அரசாங்கம் கட்டிய வரிசை வீடுகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஜனங்கள் அதில் தானியத்தைக் கொட்டி வைத்துவிட்டு, முன்னால் கூரை இறக்கி அதில் படுத்தார்கள். எங்கள் பக்கத்து அதிகாரி யாராவது என்றால் 'திருந்தாத ஜென்மங்கள்' என்றிருப்பார். இவர், ஜன்னலை எந்த உயரத்தில் வைத்திருந்தால் அவர்கள் உள்ளே படுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தப்பு எப்போதும் கட்டடத்தின் பக்கம்தான் இருக்கும், மனிதர்கள் பக்கம் இருக்காது என்பது அவர் கட்சி. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. வீட்டில் போய்ப் போய்ச் சொன்னதில் என் மனைவிக்கு அலுத்தே போயிற்று.

மரியாதை ஜாஸ்தியானால் அதிகப்பிரசங்கித்தனமும் ஜாஸ்தியாகும். எனக்கு ஒரு ஆளைப் பார்த்தால் யார் வீட்டு ஆள் என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பார்த்ததாகவே இருக்காது. பாதிப் பேர் தெரிந்த முகங்கள். வெறும் வட்டமாக வரைய மனம் வரவில்லை. பேர் எழுத வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எழுதினால் அவருக்கு இன்னும் உபயோகமாக இருக்குமே, கடைசியில் மொத்தமாகக் காட்டி அசத்தலாம் என்று, மையில் வரையும்போது குறிகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் பேர், ஊர், தெரு எழுதினேன். என் பொடி எழுத்து இந்த வட்டாரத்தில் பேர் போனது. நாலு மாதத் தாள்களிலும் எழுதினேன். ஊரும் தெருவும் எழுதினால் மீதியை எழுத வேண்டியதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

அது இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். ஒரு நாள் காலையில் சேலம் ரோட்டில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. பஸ் நின்றது. கடைகள் மூடின. ஒரு பஸ்சின் கண்ணாடி உடைந்து டிரைவருக்கு நெற்றியில் அடி. மறுநாளிலிருந்து போலீஸ் வேன்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆண்களை ஏற்றிக்கொண்டு வந்தன. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என் கடை மாடிப்படி ஏறி வந்தார். மேடமும் அங்கேதான் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் முரடர் இல்லை. தூங்காத கண்ணோடு, மரியாதையாகவே பேசினார். "மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்துகிட்ட கூடித்தான் பேசி முடிவு பண்ணியிருக்காங்க. யார் யார் எங்க நின்னாங்கன்னு நீங்க தினமும் எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தத் தாள் வேணும். மேல இருந்து கேக்கறாங்க மேடம்."

"அதுல வெறும் குறிதாங்க இருக்கு. பேர் இல்ல" என்றார் மேடம், பளிச்சென்று.

"இருக்கிறதைக் குடுங்க. நாலு மணிக்கு வர்றேன்" என்று அவர் இறங்கிப் போனார்.

அந்தச் சாயங்காலத் தாளில் வேப்பமரத்தடியில் இருபத்திமூன்று வட்டம். அத்தனையும் தெரிந்த முகங்கள், இருபத்திமூன்றுக்கும் பேர். அதில் ஒன்று என் மனைவியின் தம்பி. நைனார்பாளையத்தில் இருப்பவன், சின்னசேலம் பஸ்சுக்குத்தான் நின்றானோ, பேச்சைக் கேட்கத்தான் நின்றானோ, எனக்குத் தெரியாது. அவனுக்கு அந்த மாதம்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான். கடித்தால் என்னைக் கடிக்கட்டும், இது இருபத்திமூன்று குடும்பத்தைக் கடிக்கப் பார்த்தது.

சொல்லாமல் அந்த ஒரு தாளை மட்டும் ஒளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. தகரக் குழாயைத் திறந்து தாள்களை அவர் முன்னால் விரித்தேன்.

அவர் குனிந்து படித்தார். அடுத்த தாளைப் பார்த்தார். அதற்கடுத்த தாள்.

"எல்லாத்துலயுமா சார்?"

"எல்லாத்துலயும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களை ஓரம் சேர்த்து மறுபடி அடுக்கினார். நானே, பாதி பிளேடு எடுத்துச் சுரண்டிவிடட்டுமா என்றேன். கேட்கும்போதே பதிலும் எனக்குத் தெரியும். டிரேசிங் ஷீட்டில் மையைச் சுரண்டலாம், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தின் தடம் அப்படியே தெரியும். எத்தனை பிளான் சுரண்டியிருக்கிறேன்.

"பேர் இல்லன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "சொன்னது நிஜமா இருக்கணும். புதுத் தாள் எத்தனை இருக்கு?"

ஏழு இருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன, விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் வழி இல்லை. ஏழுக்கு மேல் எட்டாவது தாள் எங்கேயும் கிடைக்காது, வெறும் வெள்ளைத் தாளை வைத்தால் அடியில் இருக்கும் பிளான் தெரியாது. நாலு மாத வேலையில் ஏழு வேளைதான் மிஞ்சும். மீதிக்கு எண்ணிக்கையை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாமே என்றேன். "எத்தனை பேர்னு டிக்கெட் புத்தகத்தைப் பாத்தாலே தெரியும் சார். எங்க நின்னாங்கங்கறதுதான் என் ஆராய்ச்சியே" என்றார். அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

முதலில் அந்தச் சாயங்காலத் தாளை வெறும் குறிகளாகப் பிரதி எடுத்தோம். ஒரு வட்டத்தைக்கூட விடவில்லை. விட்டுவிடலாம் என்று நான் மெல்ல இழுத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மீதி ஆறு தாளுக்கு அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று பார்த்தேன். நானாக இருந்தால் சந்தை நாள் கூட்டத்தை எடுத்திருப்பேன். அவர் ஆள் கம்மியாக இருந்த மத்தியான வேளைகளாகப் பொறுக்கினார், அஞ்சு பேர், ஏழு பேர் இருந்த தாள்கள். கூட்டத்தில் இடம் கிடைத்தபடி நிற்பார்கள், எல்லா இடமும் காலியாக இருக்கும்போது ஒருவர் எங்கே போய் நிற்கிறாரோ அதுதான் அவருக்கு வேண்டிய இடம் என்றார். வேலை கையை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு தெளிவு இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பேர் எழுதிய தாள்கள் அத்தனையையும் என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மனைவி அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எரிக்கப் போட்ட கரும்புச் சோகை ஈரமாக இருந்து புகைந்தது. மேடம் அடுப்புக்கு முன்னால் குந்தி, தாள்களை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தார். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தரம் பார்த்தார்.

"இன்னா பேப்பருங்க இது? சட்டுனு புடிச்சிக்குது" என்றாள் மனைவி.

"பழைய பிளான்" என்றேன். மேடம் அடுத்த தாளை மடித்தார். அந்தச் சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் பாதியில் எழுந்து கையைக் கழுவினேன். அவர் மோர் வாங்கி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தாளை வாங்கி நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாருன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

"முடியாதுங்க. அதுக்காக எழுதினது இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ உள்ளூர்க்காரன்தானே? சொல்லு. இது யாரு?" விரலை ஒரு வட்டத்தின் மேல் வைத்தார். எனக்கு இன்றைக்கும் அது நினைவில் இருக்கிறது. என் மச்சினனுக்கு இரண்டு வட்டம் தள்ளி.

நாற்பது வருஷம் ஊரில் ஒவ்வொரு முகத்தையும் பேரோடு சேர்த்தே பார்த்த கண். அதைத் தாளின் மேல் நிறுத்தி, "வட்டம்னா நிக்கிறவங்க, முக்கோணம்னா உக்காந்துக்கினு இருக்கிறவங்க. அவ்ளோதாங்க தெரியும்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, களைப்போடு படி இறங்கிப் போனார். அந்தத் தாளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேடத்தின் லீவு முடிந்தது. பதவி உயர்வு அவருக்கு அடுத்திருந்தவருக்குப் போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. லீவு இல்லாமல், சனி ஞாயிறும் விடுமுறையுமாக பஸ் ஏறி வந்து, அதே பஸ் ஸ்டாண்டில் முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மூன்று வருஷம் ஆனது. நானும் கூட நின்றேன். இந்தத் தடவை வட்டத்தை வட்டமாகவே வரைந்தேன். ஏன் தாமதம் என்று கல்லூரியில் கேட்டவர்களிடம் மறியல் காலத்தில் வேலை கெட்டுப்போனது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் பைண்டு செய்த புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. முழுக்க இங்கிலீஷ், நன்றி சொல்கிற பக்கம் மட்டும் தமிழில் இருந்தது. அதில், 'வரைபடங்களை வரைந்து, என்னோடு நின்ற கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவருக்கு' என்று ஒரு வரி.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நாலு வருஷமா அவுங்க பின்னாடியே சுத்திக்கினு இருந்தீங்க. உங்க பேரு எங்க?"

எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். நின்ற ஒருவர், பேர் இல்லை; எனக்கும் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

அன்றைக்கு மச்சினன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த நேர்முகத்தில் தேறி, பஸ் கண்டக்டராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காக்கிச் சட்டையோடே உட்கார்ந்திருந்தவன் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தான். "இன்னா மாமா, ஒரு பேரு எழுதினா கொறைஞ்சா பூடுவாங்க?" என்றான்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.