அடக்கத்துக்கு முன் வந்து சேரும் தூரம்

என் அம்மாவுக்குத் தூரம் என்பது மைல் கணக்கல்ல. அவள் செத்தால், நான் வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடிவிடுவார்களா மாட்டார்களா என்பதுதான் கணக்கு. எங்கள் சபையில் இன்று சாவு என்றால் நாளை அடக்கம். அதற்குள் வந்து முகம் பார்க்க முடியாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அஞ்சுகிராமம் சரி, திருவனந்தபுரம் சரி, மதுரை என்றால் யோசிக்கலாம். எனக்கு வந்து வாய்த்ததோ பம்பாய் மாப்பிள்ளை.

வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் ரயில் பிடித்து, சென்னையில் மாறி, புகையும் கரியுமாகப் போய் இறங்க மூன்று நாளுக்கு மேலாகும். மாப்பிள்ளை நல்லவர், ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வேதக்கோயிலில் ஒரு தடவை பார்த்ததிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அம்மா மட்டும் அசையவில்லை.

"நான் செத்தா இவ வந்து என் குழியத்தான் பாப்பா" என்றாள்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் ஆகாய விமானம் விட்டிருக்கிறார்கள் என்ற செய்தி அந்தச் சமயம் பார்த்துப் பேப்பரில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனார்.

"காலையில ஏறினா பொழுது அடையுமுன்ன திருவனந்தபுரம். ராத்திரி கஞ்சி நம்ம வீட்டுல."

"அப்பம் அடக்கத்துக்கு வந்திருவாளா?"

"தாராளமா."

அம்மா சம்மதித்தாள். விமானம் வாரத்தில் ஒரு நாள்தான், மழை மாதங்களில் அதுவும் கிடையாது, தபால் மூட்டைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பேருக்குத்தான் இடம் என்பதெல்லாமும் அதே பேப்பரில் இருந்தது. அப்பா அதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் எனக்காகச் செய்த கள்ளத்தனம் அது. அதற்காகவே அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கும்.

கல்யாணமாகி மறு வருஷம், பம்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கை என்று தந்தி வந்தது. ரயிலில்தான் புறப்பட்டேன். வழியெல்லாம் அழுகை. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் இல்லை என்பதைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அப்பா கால்மாட்டில் திருடனைப் போல நின்றார்.

"வந்துட்டியா மக்கா? விமானம் மழையில பறக்காதாம். நான் சாகக் கெடக்கும்போதுதான் வாத்தியாரு உண்மையச் சொல்லுகாரு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? கடியப்பட்டணத்துல மீனையே உப்புப் போட்டு மாசக்கணக்கா வைக்காவ. எம் மக வாறது வரைக்கும் என்னையும் அப்படி வச்சிருங்கன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மூட்டை உப்பு வாங்கி வச்சிருந்தேன் மக்கா" என்றார்.