வேவு பார்க்கப் போன கூடைகள்

நம் வகுப்புச் சுவர்ப் பத்திரிகையில் இதை இன்றே ஒட்டுகிறேன், தோழிகளே.

வேலை நேரத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தேயிலை மலையிலிருந்து இறங்கினார் என்று பாக்கியம் அக்காவைத் தோட்டத்துத் துரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தோட்டம் கொடுத்த லயத்து அறையையும் காலி செய்யவேண்டுமாம். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை யாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை என்று நேற்று கோயிலில் கற்பூரம் அணைத்து எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

விடியற்காலையில் அம்மா கொழுந்துக் கூடையை எடுத்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"யாராச்சும் வேலைக்குப் போறாங்களான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

நானும் பின்னால் போனேன். பெரட்டுக் களத்தில் எங்கள் லயமே நின்றது. எல்லோர் முதுகிலும் கூடை.

"நீ ஏண்டி வந்த?" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"நீ வர்றியான்னு பாக்கத்தான்!"

கங்காணி சிரித்தார். "பாத்தாச்சில்ல? மலைக்கு ஏறுங்க."

ஒருத்தி நகர்ந்தாள். பிறகு யாருமே நிற்கவில்லை.

வழியில் பாக்கியம் அக்கா வாசலில் சட்டி பானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்து, "காத்து அடிக்குதுக்கா, கூடைய நல்லா கட்டிக்கங்க" என்றார். அம்மா நிமிரவே இல்லை.

பார்த்துவிட்டு வரப் போனவர்களுக்குக் கூடை எதற்கு? அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. உங்கள் அம்மாக்களும் அங்கேதான் நின்றார்கள். நீங்களாவது கேட்டு, இதன் கீழே எழுதுங்கள்.